126 கேட்டு 36 வாங்கிய கோப்பு: இந்தியப் போர் விமானத் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 ஆகஸ்ட் 28 அன்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம் ஆறு விமான நிறுவனங்களுக்கு 211 பக்க விலைக்கோரிக்கை ஒன்றை அனுப்பியது. கேட்டது 126 நடுத்தர எடைப் பல்பணிப் போர் விமானங்கள். முதல் 18 பறக்கும் நிலையில் வரவேண்டும். மீதி 108ஐ பெங்களூரில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். கட்டும். அன்றைய மதிப்பீடு 42,000 கோடி ரூபாய். 2015 ஜூனில் அந்தக் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக 2016 செப்டம்பர் 23 அன்று பிரான்ஸ் அரசுடன் 36 ரஃபேலுக்கு நேரடி ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றில் கடைசி விமானம் 2022 டிசம்பரில் வந்து சேர்ந்தது.

இதைப் பற்றி வந்த எழுத்தில் பெரும்பகுதி அரசியல். இந்தக் குறிப்பு அந்தப் பக்கம் போகவில்லை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தத்தை விசாரிக்கக் கோரிய மனுக்களைத் தள்ளுபடி செய்தது, 2019 நவம்பரில் மறுசீராய்வையும் தள்ளியது என்று சொல்லி அதை விட்டுவிடலாம். இங்கே பார்க்கப்போவது தேர்வு முறையை மட்டும். பறக்கவிட்டுப் பார்த்த சோதனைகள்தான் இந்தக் கோப்பில் உருப்படியாக நடந்தவை. கோட்டை விட்டதெல்லாம் காகிதத்தில்: தேவையை எழுதிய விதம், விலையைக் கூட்டிய விதம், உள்நாட்டில் கட்டுவதற்கு யார் பொறுப்பு என்று தீர்க்காமல் விட்ட விதம்.

எண் எங்கிருந்து வந்தது

விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட பலம் 42 ஸ்குவாட்ரன். ஒரு ஸ்குவாட்ரனுக்கு ஒற்றை இருக்கை விமானம் 16, பயிற்சிக்கான இரட்டை இருக்கை 2, ஆக 18. அந்தக் கணக்கில் 126 என்பது ஏழு ஸ்குவாட்ரன். ஆனால் எந்த நேரத்திலும் சில விமானங்கள் பெரிய பராமரிப்புக்காகப் பிரித்துப் போட்டபடி கிடக்கும். நாற்பது ஆண்டுச் சேவையில் சில விபத்தில் போகும். இந்த இருப்புக்காக ஸ்குவாட்ரனுக்கு மூன்று சேர்த்து 21 என்று வைத்தால் அதே 126 ஆறு ஸ்குவாட்ரன்தான். கொள்முதல் எண்ணைப் படிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இருப்பு உள்ளே சேர்ந்திருக்கிறதா, வெளியே இருக்கிறதா? 18 விமானம் உள்ள ஸ்குவாட்ரனில் 75 சதவீதம் பறக்கத் தயார் என்றால் காலையில் கைக்குக் கிடைப்பது 13 அல்லது 14.

விமானப்படை முதலில் கேட்டது இவ்வளவு பெரிய போட்டியை அல்ல. 1999 கார்கில் போரில் மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில், முந்தோ தாலோ இலக்குகளின் மேல் காட்டிய திறமையைப் பார்த்து, அதன் புதிய வடிவமான மிராஜ் 2000-5ஐ வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தது. ஓட்டுநர்கள் இருந்தார்கள், பராமரிப்பு ஆட்கள் இருந்தார்கள், உதிரிபாகக் கிடங்கும் இருந்தது. ஆனால் ஒரே விற்பனையாளரிடம் போட்டியில்லாமல் வாங்குவதற்கு எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடத் தயங்கும் காலம் அது. போஃபர்ஸின் நிழல் விலகியிருக்கவில்லை. எனவே 2004இல் மிராஜ், மிக்-29எம், எஃப்-16, கிரிப்பன் என்று நான்கு பக்கமும் தகவல் கேட்டார்கள். கோப்பு நகர்வதற்குள் டசால்ட் நிறுவனம் மிராஜ் தயாரிப்பு வரிசையையே மூட முடிவெடுத்து ரஃபேலை முன்னிறுத்தியது. சூப்பர் ஹார்னெட்டும் யூரோஃபைட்டர் டைஃபூனும் உள்ளே வந்தன.

விளைவு, ஒரே தட்டில் வைக்கக் கூடாதவை ஒரே தட்டில் வந்தன. கிரிப்பன் என்.ஜி. ஒற்றை எஞ்சின் விமானம், உச்சபட்சப் புறப்பாட்டு எடை சுமார் 16.5 டன். சூப்பர் ஹார்னெட் இரட்டை எஞ்சின், 30 டன்னுக்குப் பக்கம். ரஃபேல் 24.5, டைஃபூன் 23.5. எடை ஏறினால் விலையும் ஏறும், எரிபொருள் செலவும் ஏறும்; சுமையும் தூரமும் கூடும். இவற்றைத் "தேறியவர்களில் விலை குறைந்தவர்" என்ற விதியால் ஒப்பிட்டால், கனமான விமானத்தின் கூடுதல் திறனுக்கு மதிப்பெண்ணே கிடையாது, கூடுதல் விலைக்கு மட்டும் தண்டனை உண்டு.

தேவைக் குறிப்பு

இந்திய முறையில் எல்லாவற்றுக்கும் அடித்தளம் விமானப்படைத் தலைமையகம் எழுதும் பண்புத் தேவைப் பட்டியல். அதன்மேல் பாதுகாப்புக் கொள்முதல் மன்றத்தின் ஒப்புதல், பிறகு விலைக்கோரிக்கை, தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு, களச் சோதனை, படைத்தலைமையின் அறிக்கை, மேற்பார்வைக் குழு, விலைப் பேச்சுக் குழு, கடைசியில் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு. ஒவ்வொரு படியிலும் கேட்கப்படும் கேள்வி: பட்டியலில் உள்ளது இருக்கிறதா, இல்லையா? பட்டியல் பிசகினால் பின்னால் வருகிற ஏழு குழுவும் அந்தப் பிசகைத்தான் நேர்மையாகச் சரிபார்க்கும்.

இந்தப் போட்டியில் அளக்க வேண்டிய அம்சங்கள் 600க்கும் மேல். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2019 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை இதைத்தான் முதலில் சுட்டுகிறது: தேவைகள் சரியாக வரையறுக்கப்படவில்லை, அதனால் எந்த நிறுவனமும் முழுமையாகத் தேறவில்லை, கொள்முதல் நடந்துகொண்டிருக்கும்போதே அவை திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. 2009 ஏப்ரலில் ரஃபேல் காகித மதிப்பீட்டிலேயே வெளியேறிவிட்டதாகச் செய்தி வந்தது. கூடுதல் விளக்கம் பெற்ற பிறகு அது போட்டியில் தொடர்ந்தது. இறுதியில் வென்ற விமானம் முதல் வடிகட்டியிலேயே தடுமாறியது என்றால், சந்தேகப்பட வேண்டியது வடிகட்டியைத்தான்.

ஏன் இப்படி ஆகிறது? பட்டியல் எழுதுபவர்கள் ஆறு விற்பனையாளர்களின் கையேடுகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் சிறந்த வரியை எடுத்துச் சேர்க்கிறார்கள். ஒன்றின் ரேடார், இன்னொன்றின் தூரம், மூன்றாவதன் ஏறும் வேகம். அத்தனையும் சேர்ந்த விமானம் உலகில் எங்கும் இல்லை. இதற்கு மாற்று, பாகத்தைக் கேட்காமல் பணியைக் கேட்பது. "இன்ன வகை ரேடார் வேண்டும்" என்று எழுதுவதற்குப் பதில், "இரண்டு துல்லியக் குண்டும் நான்கு வான்வழி ஏவுகணையும் சுமந்து, லடாக்கின் லே போன்ற உயரத்தளத்திலிருந்து கோடையில் புறப்பட்டு, இத்தனை கிலோமீட்டர் போய்த் திரும்பி, தரையிறங்கும்போது இவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும்" என்று எழுதலாம். அப்போது கனமான விமானம் ஒரே தாவலிலும், அதாவது ஒரே மூச்சுப் பறப்பிலும், இலகு விமானம் வானில் எரிபொருள் நிரப்பியும் அந்தப் பணியை முடிக்கும். இரண்டின் செலவையும் பணி அளவில் ஒப்பிடலாம். கட்டாயம் என்று போடுகிற வரிகள் சிலவாகவும், மதிப்பெண்ணுக்கு உரியவை பலவாகவும் இருக்க வேண்டும். 600 வரியும் கட்டாயம் என்றால், ஒவ்வொரு விலக்குக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஆறு மாதம்.

பெங்களூரு, ஜெய்சல்மேர், லே

2009 ஆகஸ்டில் தொடங்கி அடுத்த கோடை வரை களச் சோதனை நடந்தது. ஈரப்பதத்துக்குப் பெங்களூரு, பாலைவன வெப்பத்துக்கு ஜெய்சல்மேர், உயரத்துக்கும் குளிருக்கும் லே. ஆயுதச் சோதனைகள் பின்னர் அந்தந்த நாடுகளில். ஆறு வகை விமானத்தையும் ஒரே நாட்டு ஓட்டுநர்கள், ஒரே அட்டவணையில், தங்கள் நாட்டு வானிலையிலேயே ஓட்டிப் பார்த்தது உலக அளவில் அபூர்வம்.

லே ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,250 மீட்டர் உயரம். தரநிலை வளிமண்டலக் கணக்கில் அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் 72 சதவீதம். அதே தூக்குவிசை கிடைக்க விமானம் சுமார் 18 சதவீதம் கூடுதல் உண்மை வேகத்தில் ஓட வேண்டும். எஞ்சினின் உந்துவிசையோ கிட்டத்தட்ட அடர்த்தியின் விகிதத்தில் குறையும். ஓடும் தூரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடி, முடுக்கம் குறைவதால் மேலும் நீளும். தோராயமாகப் பெருக்கினால் கடல் மட்டத்தைப் போல 1.9 மடங்கு தூரம் வேண்டும். இது தரநிலை வெப்பத்துக்கான கணக்கு. கோடைப் பகலில் காற்று இன்னும் மெலியும். அதனால் கையேட்டில் 9 டன் சுமை என்று எழுதியிருக்கும் விமானம் லேயில் எவ்வளவு தூக்கும் என்பது தனிக் கேள்வி. சுமையைக் குறைத்தால் ஏறும். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதைத்தான் அங்கே அளக்கிறார்கள்.

இன்னொரு சிக்கல், எஞ்சினைத் தொடக்குவதே. இரவு முழுக்க உறைபனியில் நின்ற விமானத்தில் எண்ணெய் தடித்திருக்கும், மின்கலம் தளர்ந்திருக்கும், எஞ்சினைச் சுழற்றிவிடும் துணை அலகுக்கும் அதே மெல்லிய காற்றுதான். வெளியிலிருந்து உதவி இல்லாமல் எஞ்சின் பிடிக்கிறதா, ஒருமுறை அணைத்து உடனே மறுபடி தொடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். 2016 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்களின் பட்டியலில் உயரத்தளங்களில் குளிர்நிலைத் தொடக்கம் இடம்பெற்றது. களத்தில் கண்ட குறை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக மாறுவதுதான் சோதனைக்குப் பலன். அந்த அளவில் லே தன் வேலையைச் செய்தது.

ஜெய்சல்மேரில் பார்ப்பது வேறு. வெயிலில் நின்ற விமானத்தில் ரேடார், மின்னணுப் போர்க் கருவிகள் எல்லாம் தரையிலேயே ஓடும்போது குளிரூட்டல் தாங்குகிறதா, எரிபொருளை வெப்பம் வாங்கும் ஊடகமாகப் பயன்படுத்தும் விமானங்களில் தொட்டி பாதி காலியான பிறகு என்ன ஆகிறது, ஓட்டுநர் அறை எத்தனை நிமிடத்தில் தாங்கும் நிலைக்கு வருகிறது. இதோடு பராமரிப்பு மதிப்பீடு: எஞ்சினைக் கழற்றி மாட்ட எத்தனை பேர், எத்தனை மணி, என்னென்ன சிறப்புக் கருவி, ஒரு தாவல் முடிந்து அடுத்த தாவலுக்குத் தயாராக எவ்வளவு நேரம். இந்தக் கடைசி எண்கள் பத்திரிகையில் வருவதே இல்லை. ஆனால் போரின் மூன்றாம் நாள் எத்தனை விமானம் பறக்கும் என்பதை இவைதான் தீர்மானிக்கும்.

சோதிக்க முடியாததும் இருக்கிறது: இன்னும் இல்லாத பொருள். கிரிப்பன் என்.ஜி. அப்போது 2008இல் முதன்முதலாகப் பறந்த ஒரு செயல்விளக்க விமானம். அதன் முழு வடிவமான கிரிப்பன் ஈ பறந்தது 2017 ஜூனில்தான். டைஃபூனில் பயன்பாட்டிலிருந்தது இயந்திரமுறையில் திரும்பும் அலைவாங்கி கொண்ட ரேடார்; மின்னணுமுறை வரிசை ரேடார், அதாவது ஏசா, "வரும்" என்ற நிலையில் இருந்தது. மிக்-29எம்மின் தொடர்ச்சியாகப் போட்டிக்கு வந்த மிக்-35 அப்போது ரஷ்ய விமானப்படையிலேயே சேவைக்கு வரவில்லை. எஃப்-16, சூப்பர் ஹார்னெட் என்ற அமெரிக்க விமானங்கள் இரண்டிலும் ஏசா ரேடார் முதிர்ந்த நிலையில் இருந்தது. ஆனால் உடற்கட்டு பழைய வடிவம், மேலும் அமெரிக்கத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இந்தியா அப்போது கையெழுத்திடவில்லை. அது நடந்தது 2018இல். எஃப்-16ஐப் பொறுத்தவரை, பக்கத்து நாடு அதே விமானத்தைப் பல்லாண்டாக ஓட்டிக்கொண்டிருந்தது என்பதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

2011 ஏப்ரல் 27 அன்று ரஃபேலும் டைஃபூனும் மட்டும் தேறியதாக அறிவிப்பு வந்தது. மறுநாள் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் பதவி விலகலை அறிவித்தார். சொன்ன காரணம் சொந்தக் காரணம்.

விலையைக் கூட்டிய விதம்

விலை உறைகள் 2008 ஏப்ரலில் கொடுக்கப்பட்டவை. திறந்தது 2011 நவம்பர் 4. நடுவில் செல்லுபடிக் காலத்தைத் திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். மூன்றரை ஆண்டு பழைய விலையை விலையேற்றச் சூத்திரத்தால் தள்ளிக்கொண்டு வரும்போது, எந்தக் குறியீட்டெண், எந்த நாணய மாற்று நாள் என்பதெல்லாம் புதிய சண்டைகளாகின்றன.

கணக்கு முறையும் இந்தியாவுக்குப் புதிது. வாங்கும் விலையை மட்டும் பார்க்காமல், தொழில்நுட்ப மாற்றத்தின் செலவையும் 40 ஆண்டு, 6,000 பறத்தல் மணிக்கான இயக்கச் செலவையும் சேர்த்து வாழ்நாள் செலவாகப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 150 மணி. கொள்கையளவில் இது சரியான திசை. வாழ்நாளில் ஒரு போர் விமானத்தை ஓட்டும் செலவு வாங்கிய விலையைத் தாண்டுவது சாதாரணம்.

சிக்கல் உள்ளே இருக்கிறது. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஒரு தள்ளுபடி விகிதம் வேண்டும். 20 ஆண்டு கழித்து வரும் 100 கோடிச் செலவு, 8 சதவீத விகிதத்தில் இன்றைக்கு 21 கோடி. 5 சதவீதத்தில் 38 கோடி. விகிதத்தை மாற்றினால், வாங்கும்போது மலிவாகவும் ஓட்டும்போது செலவாகவும் உள்ள விமானம் மேலே வரும் அல்லது கீழே போகும். அதேபோல், எஞ்சினுக்கு எத்தனை மணிக்கொரு முறை முழுச் சீரமைப்பு, உதிரிபாகம் எவ்வளவு வேகத்தில் தேயும் என்பவை விற்பனையாளர் தருகிற எண்கள். அவர் தந்த எண் பொய்த்தால் அவர் பணம் கட்ட வேண்டும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், வாழ்நாள் செலவு என்பது விற்பனையாளரின் நம்பிக்கைக்கு நாம் தருகிற மதிப்பெண்.

2012 ஜனவரி 31 அன்று ரஃபேல் விலை குறைந்தது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு ஒப்பந்தம் இன்னும் சில மாதத்தில் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள்.

2.7 என்ற எண்

சிக்கியது 108 விமானங்களில். உரிமம் பெற்று உள்நாட்டில் கட்டுவது படிப்படியாக நடக்கும்: முதலில் பாதி கோர்த்த தொகுதிகள் வரும், பிறகு முழுக்கப் பிரித்த பாகங்கள், பிறகு மூலப்பொருளிலிருந்தே செய்வது. ஒவ்வொரு படியிலும் பிழை வீதம் முதலில் கூடி, பிறகு பழகப் பழகக் குறையும். டசால்ட் தன் தொழிற்சாலையில் பல ஆண்டு பழகியிருந்தது. எச்.ஏ.எல். புதிதாகத் தொடங்கவேண்டும். பேச்சுவார்த்தையில் வெளிவந்தது இதுதான்: அதே விமானத்தைக் கட்ட எச்.ஏ.எல்.லுக்கு வேண்டிய ஆள்மணி, பிரெஞ்சுத் தரப்புக் கணக்கைப் போல 2.7 மடங்கு.

2.7 மடங்கு என்பதைக் கேட்டு எச்.ஏ.எல்.லை ஏளனம் செய்வது எளிது, பலர் செய்தார்கள். ஆண்டுக்குச் சில விமானங்களே கட்டும், வெவ்வேறு வகைகளைக் கட்டும் தொழிற்சாலையில் முதல் தொகுதிக்கு இந்த மடங்கு அதிர்ச்சி தரக்கூடியதல்ல. அதிர்ச்சி தரவேண்டியது, அந்த எண் விலை உறை திறந்த பிறகு மேசைக்கு வந்தது என்பது. 108 விமானத்தின் உழைப்புச் செலவு யார் கணக்கின்படி கூட்டப்பட வேண்டும் என்பது கோரிக்கையிலேயே பூட்டப்பட்டிருந்தால், இரண்டு நிறுவனமும் ஒரே அளவுகோலில் விலை கொடுத்திருக்கும். பூட்டாததால், யார் விலை குறைந்தவர் என்ற முடிவே ஆட்டம் கண்டது. 2015 மார்ச்சில் அமைச்சகக் குழு ஒன்று ரஃபேல் விலை குறைந்ததல்ல, யூரோஃபைட்டர் தரப்பின் விண்ணப்பமும் கோரிக்கைக்கு முழுக்கப் பொருந்தவில்லை, எனவே கோரிக்கையை ரத்து செய்யலாம் என்று பரிந்துரைத்ததைத் தணிக்கை அறிக்கையில் படிக்கலாம்.

அடுத்தது பொறுப்பு. கோரிக்கையின்படி 126 விமானத்துக்கும் டசால்ட்தான் பொறுப்பு: தரத்துக்கும், தாமதமானால் அபராதத்துக்கும். தன் மேற்பார்வைக்கு உட்படாத இன்னொரு நிறுவனத்தின் தொழிற்சாலையில் கட்டும் விமானத்துக்கு உத்தரவாதம் தர டசால்ட் மறுத்தது. 2014 மார்ச்சில் இரு நிறுவனமும் வேலைப் பங்கீட்டில் உடன்பட்டன; பொறுப்பில் உடன்படவில்லை. இரண்டு தரப்பின் வாதத்திலும் நியாயம் இருந்தது. பொறுப்பை ஏற்பவருக்கு உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் வேண்டும். அதிகாரம் இன்னொருவரிடம் இருந்தால், அந்த ஆபத்தின் விலையைத் தனி வரியாகப் போட்டு அரசே ஏற்க வேண்டும். கோரிக்கை இரண்டையும் செய்யவில்லை.

ஒப்பந்த மதிப்பில் 50 சதவீதத்தை இந்தியத் தொழிலில் திருப்பி முதலிட வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருந்தது. வழக்கமான அளவு 30. எந்த விற்பனையாளரும் இதை இலவசமாகச் செய்வதில்லை. அதன் நிர்வாகச் செலவும் ஆபத்தும் விமான விலைக்குள் ஏறி உட்காரும்.

இழுபறி நடந்த ஆண்டுகளில் படையின் பலம் நிற்கவில்லை, இறங்கியது. 2011இல் பழைய மிராஜ்களை மேம்படுத்த ஒப்பந்தம் போட்டார்கள். 2012 டிசம்பரில் 42 சுகோய்-30 கூடுதலாகக் கேட்டு அந்த வகையின் மொத்தத்தை 272 ஆக்கினார்கள். நடுத்தர எடை வேண்டும் என்று தொடங்கிய கோப்பின் ஓட்டையைக் கன எடை விமானத்தால் அடைத்தார்கள்.

36க்கு எவ்வளவு?

2015 ஏப்ரல் 10 அன்று பாரிஸில் 36 விமானம் நேரடியாக வாங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஒப்பந்தத் தொகை 787 கோடி யூரோ, அன்றைய மாற்றில் சுமார் 59,000 கோடி ரூபாய். 36ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 1,640 கோடி. 2007 மதிப்பீட்டை 126ஆல் வகுத்தால் 333 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கே இல்லை. ஒப்பீடு தவறு, ஏன் என்று பிரித்துப் பார்க்கலாம்.

2016இல் பத்திரிகைகளில் வந்த பிரிப்பு இது. ஒற்றை இருக்கை 28, ஒன்று சுமார் 9.1 கோடி யூரோ. இரட்டை இருக்கை 8, ஒன்று 9.4 கோடி. இவ்விரண்டும் சேர்ந்து சுமார் 330 கோடி யூரோ. இந்தியாவுக்கான சிறப்பு மாற்றங்கள் 170 கோடி. உதிரிபாகம், தளக் கட்டமைப்பு போன்றவை 180 கோடி. ஆயுதங்கள் 70 கோடி. செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு 35 கோடி. கூட்டினால் 785. வெறும் விமானம் மொத்தத்தில் பாதிகூட இல்லை. ரூபாயில் வெறும் விமானம் 680 கோடி, எல்லாம் சேர்ந்தால் 1,640 கோடி. இரண்டும் சரியான எண். எதைக் கேட்கிறோம் என்பதுதான் வேறு.

இதில் சிறப்பு மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். தலைக்கவசக் காட்சி, எதிரி ரேடாரை உணரும் எச்சரிக்கை ஏற்பிகள், அதைக் குழப்பும் இடையூட்டிகள், குளிர்நிலைத் தொடக்கம் என்று பதின்மூன்று. பெரும்பகுதி ஒருமுறை செய்யும் வடிவமைப்பு, சோதனைச் செலவு. 170 கோடி யூரோவை 36ஆல் வகுத்தால் விமானத்துக்கு 4.7 கோடி, 126ஆல் வகுத்திருந்தால் 1.35 கோடி. எண்ணிக்கையைக் குறைத்தால் மொத்தத் தொகை குறையும், ஒன்றின் விலை ஏறும்; தளம், பயிற்சிப் பாவனைக் கருவி, கருவித் தொகுப்பு எல்லாவற்றுக்கும் இதே கதி. 2007 விலையை அதே அடிப்படைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்ட தணிக்கையாளர், 2016 ஒப்பந்தம் மொத்தத்தில் 2.86 சதவீதம் குறைவு என்றார். பெரிய ஊழல், பெரிய சேமிப்பு என்று கத்திய இரு தரப்புக்கும் அந்த எண் ருசிக்கவில்லை.

ஒப்பந்தத்தில் எங்கள் பார்வையில் சிறந்த வரி பராமரிப்புக்கானது. எந்த நேரமும் 75 சதவீத விமானம் பறக்கத் தயாராக இருக்க வேண்டும் என்ற பொறுப்பை விற்பனையாளர் ஏற்றார். சுகோய் தொகுதி உதிரிபாகத்துக்குக் காத்துக் கிடந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். முதல் ஐந்து ரஃபேல் 2020 ஜூலை 29 அன்று அம்பாலாவில் இறங்கின. இரண்டாவது ஸ்குவாட்ரன் மேற்கு வங்கத்தின் ஹாசிமாராவில்.

பின்லாந்து வேறு மாதிரி செய்தது

62 ஹார்னெட் விமானங்களுக்கு மாற்றுத் தேடிய பின்லாந்து 2018இல் ஐந்து நிறுவனங்களிடம் விலை கேட்டு, 2021 டிசம்பர் 10 அன்று முடிவை அறிவித்தது. அவர்கள் முதலில் பூட்டியது பணத்தை: கொள்முதலுக்கு உச்சவரம்பு 1,000 கோடி யூரோ, ஆண்டு இயக்கச் செலவுக்கு 25.4 கோடி. இதற்குள் எத்தனை விமானம், என்ன ஆயுதம், என்ன உணரி தருவாய் என்று விற்பனையாளரிடமே கேட்டார்கள். சாப் நிறுவனம் கிரிப்பனோடு கண்காணிப்பு விமானத்தையும், போயிங் சூப்பர் ஹார்னெட்டோடு மின்னணுப் போர் விமானமான குரோலரையும் சேர்த்துத் தந்தன. வழங்கல் பாதுகாப்பு, தொழில் பங்கேற்பு, செலவுக்குள் அடங்குதல் ஆகிய மூன்றும் தேறினால் போதும் என்ற கதவுகள். அவற்றைக் கடந்தவர்களுக்குள் தரவரிசை போர்த்திறனுக்கு மட்டும். 2020 தொடக்கத்தில் பிர்க்கலா தளத்தில் பனிக்காலத்திலேயே பறக்கவிட்டு, பிறகு பாவனைப் போர்களில் மோதவிட்டார்கள். எஃப்-35 ஐந்துக்கு 4.47 பெற்றது. 64 விமானத்துக்கு 470 கோடி யூரோ, ஏவுகணைக்கு 75 கோடி, பராமரிப்பு, பயிற்சி, உதிரிபாகத்துக்கு 292 கோடி என்று பிரித்தே வெளியிட்டார்கள்.

இந்தியா திறனைப் பூட்டி விலையைத் தேடியது. பின்லாந்து விலையைப் பூட்டித் திறனைத் தேடியது. அதை அப்படியே இங்கே இறக்கிவிட முடியாது. பின்லாந்து முழு விமானத்தை உள்நாட்டில் கட்டவேண்டும் என்று கேட்கவில்லை. கூட்டணி அரசியலிலும் அவர்கள் நிலை வேறு. ஆனால் செலவுப் பிரிவுகளை முன்கூட்டியே வரையறுப்பதற்கு எந்த வெளியுறவுக் கொள்கையும் தடையாக நிற்கவில்லை.

அடுத்த கோப்பு

2018 ஏப்ரலில் 114 விமானங்களுக்கு இந்தியா மறுபடி தகவல் கோரியது. பெரும்பகுதி உள்நாட்டில் கட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு. கடற்படை தனியாக 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் எம் விமானங்களுக்கு அரசு வழி ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றபோது படையில் மிஞ்சியது 29 ஸ்குவாட்ரன்.

இந்த இடைவெளியில் கைக்கு அருகில் இருப்பது தேஜஸ். அதற்கு 45ஆவது, 18ஆவது என்று இரண்டு ஸ்குவாட்ரன்கள் உண்டு. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்கும், 2025 செப்டம்பரில் மேலும் 97க்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. இங்கே விமானத் தேர்வு என்ற பேச்சே இல்லை, ஆறு நிறுவனப் போட்டி இல்லை, லேயில் ஆறு விமானம் வரிசையில் நிற்கவும் இல்லை. ஆனாலும் அட்டவணை சறுக்கியது. அதற்கான எஃப்-404 எஞ்சின்கள் 99ஐ 2021 ஆகஸ்டில் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கேட்டார்கள். முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். உடற்கட்டு தயாராகி எஞ்சினுக்குக் காத்து நிற்கும் விமானம் எந்த ஸ்குவாட்ரன் கணக்கிலும் சேராது. 114க்கான கோரிக்கையை எழுதுபவர்கள் ரேடாரின் வீச்சைக் கேட்கும் அதே பக்கத்தில், எஞ்சின் எந்தத் தொழிற்சாலையிலிருந்து மாதத்துக்கு எத்தனை வரும், வராவிட்டால் அபராதம் யார் தலையில், உள்நாட்டு ஆள்மணியை எந்த மடங்கில் கூட்டுவது என்ற மூன்றையும் கேட்டு, விலை உறை திறக்கும் முன்பே பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.